ராஜாங்கம் சொல்லாமல் விட்டது

மரக்காணம் உப்பளத்தில் ராஜாங்கம் என்று விசாரித்தால் எந்த ராஜாங்கம் என்று திருப்பிக் கேட்பார்கள். மோட்டார் ராஜாங்கம் என்றால்தான் உடனே கை நீட்டுவார்கள். பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைத்து விடும் மோட்டார் கொட்டகையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த இருபத்தாறு வருடத்தில் மோட்டார் எத்தனையோ முறை புகைந்து நின்றிருக்கிறது. ஒரு தடவைகூட அது அவருடைய தப்பாக இருந்ததில்லை. வோல்டேஜ் வரவில்லை என்பார், முதலாளி மட்டமான காப்பர் காயில் வாங்கிப் போட்டார் என்பார், ஒருமுறை குழாயில் நண்டு புகுந்துவிட்டது என்றுகூடச் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன மனைவி அமுதவல்லி, சோறு குழைந்துபோனால் "வோல்டேஜ் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் பரிமாறுவாள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் முகம் வீங்கியது. பிறகு கால் வீங்கியது. ஒரு பாட்டில் தண்ணீரோடு பகல் முழுக்க வெயிலில் ஓட்டியவர் அவர். முட்டி வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்கியவர். ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார். இன்னதுதான் காரணம் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் ஒன்றை மட்டும் சுட்டவில்லை, எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டார். நான்கு மணி நேரம் மிஷினில் படுத்து எழுந்தால் உடம்பு பிழிந்து போட்ட துணிபோல் ஆகிவிடும். ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார். அதற்கப்புறம் அமுதவல்லி அவரைத் தனியாக அனுப்பவில்லை. அவளும் உப்பு வாரும் வேலைக்குப் போகிறவள். பதினேழு வயதில் உப்பு வாரும் பலகை பிடித்தவள். வாரத்தில் மூன்று நாள் அவள் வராமல் போனதும் மேஸ்திரி முகம் சுளிக்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் டாக்டர், வீட்டிலேயே செய்துகொள்ளும் வழி ஒன்று இருக்கிறது, வயிற்று வழியாகச் செய்வது என்று சொல்லி, அருள்மொழி என்கிற நர்ஸிடம் அவர்களை அனுப்பினார். அருள்மொழிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள்.

"அண்ணா, குடலைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்குது. அது பூராவும் சின்னச் சின்ன ரத்தக்குழாய். தொப்புளுக்குப் பக்கத்துல ஒரு டியூப் வச்சு, ரெண்டு லிட்டர் மருந்துத் தண்ணி உள்ள விடுவோம். நாலஞ்சு மணி நேரம் உள்ளயே இருக்கும். ரத்தத்துல இருக்கிற கழிவு, மிச்சத் தண்ணி எல்லாம் அந்தச் சவ்வு வழியா இதுல வந்து சேரும். அப்புறம் அதை வடிச்சுட்டு புதுசு விடணும். ஒரு நாளைக்கு நாலு தடவை."

"அப்ப மிஷினு?" என்றார் ராஜாங்கம்.

"மிஷின் வேணாம். கரன்ட் வேணாம். பையை மேல மாட்டினா தானா இறங்கும், காலிப் பையைக் கீழ வச்சா தானா வடியும்."

கரன்ட் வேண்டாம் என்றதுதான் ராஜாங்கத்துக்குப் பிடித்துப்போனது. அமுதவல்லி வேறொன்று கேட்டாள். "வீட்டுல எங்களை மாதிரி ஆளுங்க பண்ண முடியுமா சிஸ்டர்? நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன்."

"படிப்பு வேணாம்கா. சுத்தமும் பொறுமையும் இருந்தா போதும். இதுல பெரிய பயம் கிருமிதான். டியூப் வழியா கிருமி உள்ள போச்சுன்னா வயித்துக்குள்ள சீழ் பிடிச்சிடும். உயிருக்கே ஆபத்து."

டியூப் வைத்து, புண் ஆறியதும் ஒரு வாரம் பயிற்சி. ஃபேனை நிறுத்து, கதவைச் சாத்து, முகக்கவசம் போடு, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவு, துடை, டியூப் மூடியைக் கழற்று, பையோடு இணை. மூடியைக் கழற்றியதிலிருந்து இணைக்கும் வரை டியூப் நுனி காற்றைத் தவிர எதையும் தொடக்கூடாது. ராஜாங்கம் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். அமுதவல்லிக்கு ஐந்து நாள் பிடித்தது. ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். கடைசி நாளில் அருள்மொழி சொன்னாள்:

"வீட்டுல அக்காதான் செய்யணும். நீங்க அவசரத்துக்கு மட்டும்."

"ஏன், நான் நல்லாத்தானே பண்றேன்?"

"நல்லாப் பண்றீங்க அண்ணா. ஆனா உங்களுக்குக் கை வேகம். இதுக்கு வேகம் ஆகாது." பிறகு இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "எப்பவாவது நுனி எதுலயாவது பட்டுச்சுன்னா பட்டுச்சுன்னு சொல்லிடணும். டியூப்ல இருக்கிற கிளாம்பை இறுக்கி மூடிட்டு, புது மூடி போட்டுட்டு எனக்கு போன் பண்ணுங்க. பஸ் ஏறி வந்தா டியூபோட வெளிப் பாகத்தை மாத்தி, மருந்து குடுத்து அனுப்பிடுவேன். திட்ட மாட்டேன்."

கை வேகம் என்ற சொல் ராஜாங்கத்துக்கு உறுத்தியது. கொட்டகையில் அந்த வேகத்துக்காகத்தான் அவரைக் கொண்டாடினார்கள்.

வீட்டில் இரண்டே அறை. உள்ளறையை அமுதவல்லி ஒதுக்கினாள். துணி மூட்டை, பழைய பாத்திரம் எல்லாம் வெளியே போனது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், விட்டத்தில் கொக்கி மாட்டினாள். மாதத்துக்கு ஒருமுறை வேன் வந்து மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகும். அவை கூரை வரை அடுக்கப்பட்டதும் அறையில் ஒரு கட்டிலுக்கும் ஒரு ஸ்டூலுக்கும்தான் இடம் மிஞ்சியது. விடிவதற்கு முன் ஒரு பை மாற்றிவிட்டு அமுதவல்லி உப்பளத்துக்குப் போவாள். பதினொரு மணிக்கு வந்து குளித்துவிட்டு அடுத்த பை. சாயங்காலம் ஐந்துக்கு ஒன்று, படுக்கப்போகும் முன் ஒன்று. வடிந்த பையை ஒவ்வொரு முறையும் தூக்கி, பின்னால் பேப்பரைப் பிடித்துப் பார்ப்பாள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் கிருமி.

நான்கு மாதம் எழுத்து தெரிந்தது. வீக்கம் வடிந்து, ராஜாங்கத்துக்குச் சாப்பாடு இறங்கியது. சாயங்காலம் தெருமுனை டீக்கடை வரை நடந்தார். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் டீ குடிக்காவிட்டாலும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

பங்குனி மாதம் உப்பு நன்றாக விளையும் காலம். ஒரு நாள் லாரிகள் வரிசையாக நின்றதால் அமுதவல்லி பன்னிரண்டு மணி ஆகியும் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு அருக்காணியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: நீங்களே மாத்திக்கோங்க, நிதானமா. ராஜாங்கம் கதவைச் சாத்தினார், கை கழுவினார், முகக்கவசம் போட்டார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். டியூப் மூடியைக் கழற்றிக் கையில் நுனியைப் பிடித்திருந்த நேரத்தில் கட்டிலில் கிடந்த போன் அடித்தது. கொட்டகையில் அவர் இடத்துக்கு வந்திருந்த பாலகுருவின் பெயர் தெரிந்தது. மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பாதி திரும்பினார். நுனி லுங்கி மடிப்பில் உரசியது.

ஒரு நொடிதான். யாரும் பார்க்கவில்லை.

கிளாம்பை மூட வேண்டும், போன் செய்ய வேண்டும், பஸ் ஏற வேண்டும். எல்லாம் நினைவுக்கு வந்தது. கை வேகம் என்று சிஸ்டர் சொல்லப்போகிறாள் என்பதும் நினைவுக்கு வந்தது. லுங்கி காலையில்தான் துவைத்துப் போட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இணைப்பை முறுக்கினார். மருந்துத் தண்ணீர் உள்ளே இறங்கியது. முடித்ததும் பாலகுருவுக்கு போன் செய்து, குழாய் அடியில் இருக்கும் புட்வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் விடியலில் அமுதவல்லி பையைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, எழுத்து தெரியலையே."

"லைட்டு மங்கலா இருக்குது."

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பை கஞ்சித் தண்ணீர்போல் இருந்தது. அதற்குள் ராஜாங்கத்துக்கு அடிவயிற்றில் வலி ஆரம்பித்திருந்தது. எட்டு மணிக்கு நடுங்கத் தொடங்கினார். கலங்கின பையையும் எடுத்து வரச் சொல்லி போனில் சொல்லியிருந்தாள் சிஸ்டர். ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் அதைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள் அமுதவல்லி. குளிர்ந்துபோன இரண்டு லிட்டர் கனத்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பக்கத்தில் ராஜாங்கம் பல்லைக் கடிப்பதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்து "மோரா?" என்று கேட்டாள். அமுதவல்லி இல்லை என்று தலையசைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அருள்மொழி பையைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"எங்கயாவது பட்டுச்சா? நடுவுல கழண்டுச்சா?"

"இல்ல சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணேன்," என்றாள் அமுதவல்லி. ஒரு மத்தியானம் அவர் தானே மாற்றிக்கொண்டது அந்தப் பதற்றத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை.

அருள்மொழி ராஜாங்கத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியில் மூடினார் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். பிறகு அமுதவல்லியின் கைகளைப் பிடித்து விரித்தாள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி உள்ளங்கை முழுக்க வெடிப்பு. கட்டைவிரல் ஓரத்தில் ஒரு வெடிப்பில் சதை சிவப்பாகத் தெரிந்தது.

"சீசன்ல இப்படித்தான் ஆகும் சிஸ்டர்," என்று கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள் அமுதவல்லி.

"இதனாலதான்னு நான் சொல்லலக்கா. ஆனா இந்த வெடிப்புக்குள்ள கிருமி தங்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. இந்தக் கையோட செய்யக்கூடாது."

அமுதவல்லி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் இருந்தது ராஜாங்கத்துக்கு. பட்டுச்சு சிஸ்டர், என் லுங்கியில என்று சொல்ல வாய் திறந்தால் போதும். காய்ச்சல் அடிக்கிறது, இறங்கியதும் சொல்லலாம் என்று விட்டார். காய்ச்சல் இறங்கியபோது அமுதவல்லி மேஸ்திரிக்கு போன் போட்டு, இனி வர மாட்டேன் என்று சொல்லி முடித்திருந்தாள்.

பையில் மருந்து கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள். ஐந்தாம் நாள் எழுத்து தெரிந்தது. மொத்தம் மூன்று வாரம் மருந்து விட வேண்டும், மீதியை வீட்டில் தொடரலாம் என்று சொல்லி அனுப்பும்போது டாக்டர், "இன்னொரு தடவை இப்படி வந்தா டியூபை எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் பழையபடி மிஷின்தான்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அமுதவல்லி வேறு ஆளாகிவிட்டாள். கையுறை போட்டுத்தான் பையைத் தொட்டாள். கைக்கு எண்ணெய் தடவினாள், களிம்பு தடவினாள், பருத்தித் துணி சுற்றிக்கொண்டு படுத்தாள். ராஜாங்கத்துக்குச் சட்டை மாட்டிவிட மாட்டாள். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்க்க மாட்டாள், தெர்மாமீட்டரை நீட்டுவாள். தட்டைக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"இன்னாத்துக்கு இப்படிப் பண்ற?" என்று ஒரு நாள் கேட்டார்.

"என் கையில வெஷம் இருக்குதுங்க," என்றாள். "இருபத்தெட்டு வருஷமா இந்தக் கையாலதான் உங்களுக்குச் சோறு போட்டேன். கடைசியில இந்தக் கையே உங்களைத் தூக்கிக்கினு போகப் பாத்துது."

அழவில்லை. வெயில் அதிகமா இருக்குது என்பதுபோல் சொன்னாள். ராஜாங்கம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இப்போது சொன்னால் ஒரு வாரம் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் பத்து நாள் ஆனது. பத்து நாள் சொல்லாததற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு முற்பகல் வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தார். சாத்திய கதவுக்கு வெளியே அருக்காணியின் குரல் கேட்டது.

"உன் இடத்துல பிரம்மதேசத்துப் பொண்ணு ஒருத்தியைச் சேத்துட்டாங்க அமுதா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். எப்ப வருவான்னு மேஸ்திரி கேக்குறான். என்னான்னு சொல்றது?"

"வரமாட்டான்னு சொல்லு. என் கை ஆகாதுக்கா."

"எங்க எல்லார் கையும் இப்படித்தானேடி இருக்குது?"

தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. மறுபடி கை கழுவுகிறாள். அன்றைக்கு எத்தனையாவது முறையோ. ராஜாங்கத்துக்கு மேலே தொங்கிய பையைப் பார்க்க முடியவில்லை.

மூன்று வாரம் முடிந்து பரிசோதனைக்குப் போனார்கள். அருள்மொழி அமுதவல்லியின் கைகளைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். வெடிப்பெல்லாம் மூடி, தோல் மெத்தென்று ஆகியிருந்தது.

"பாத்தீங்களாக்கா? இப்ப எவ்வளவு நல்லா இருக்குது. இனிமே பயமில்ல."

அமுதவல்லி பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் ராஜாங்கத்தால் தாங்க முடியவில்லை.

"சிஸ்டர், பட்டுச்சு," என்றார்.

"எப்ப? இன்னைக்கா?"

"அப்பவே. காய்ச்சல் வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தி. இவ வேலையில இருந்தா. நான்தான் மாத்தினேன். போன் வந்துது, திரும்பினேன், நுனி லுங்கியில பட்டுடுச்சு. தெரிஞ்சேதான் மாட்டினேன்."

அமுதவல்லி தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் எழுந்து, தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அருள்மொழி மெல்லச் சொன்னாள். "அண்ணா, அன்னைக்கே போன் பண்ணியிருந்தா ஒரு மணி நேர வேலை."

"தெரியும் சிஸ்டர்."

"நானும் அக்கா கையைத்தான் பாத்தேன். நீங்களும் மாத்தியிருப்பீங்களோன்னு உங்களைக் கேக்கல. என் பேர்லயும் தப்பு இருக்குது." பிறகு ஒரு புது மூடியைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். "முதல்ல இருந்து செஞ்சு காட்டுங்க. மெதுவா."

அன்று அவர் ஆறு முறை செய்து காட்டினார். ஆறாவது முறை அருள்மொழி சரி என்றாள்.

அமுதவல்லி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். பஸ்ஸில் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்தாள். மரக்காணத்தில் இறங்கி அவருக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து, வாசற்படியில் நின்றுதான் பேசினாள்.

"ஏன்யா, ஒரு நாள் ராத்திரியாவது தூக்கம் வராம இருந்துதா உனக்கு?"

"வரல."

"எனக்கும் வரல. நீ சாகப்போறன்னு நெனச்சுக்கினு படுத்திருந்தேன். அதுக்கு நான்தான் காரணம்னு நெனச்சுக்கினு படுத்திருந்தேன். பக்கத்துலதானே இருந்த?"

அவர் தலை குனிந்து நின்றார்.

"மணி அஞ்சாவுது. போய் நீயே மாத்திக்கோ," என்றுவிட்டு அருக்காணி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து நான்கு பையையும் ராஜாங்கமே மாற்றினார். போனை வெளியறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். முன்பு அமுதவல்லி செய்ததுபோல் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொன்னார். அரை மணியில் முடிவது அவருக்கு முக்கால் மணி ஆனது. அமுதவல்லி மேஸ்திரியிடம் போனாள். பழைய இடம் கிடைக்கவில்லை. மூட்டை தைக்கும் கொட்டகையில் போட்டான். ஈரம் குறைவு, ஆனால் உப்புத் தூசி. வைகாசி முடிவதற்குள் கை மறுபடி வெடித்தது. வீட்டில் பேசினாள், வேலைக்கு வேண்டியதை மட்டும். சாப்பிட்டாயா, பெட்டி தீரப்போகிறது, வெயிட் பார்த்தாயா. உள்ளறைக்கு வருவதில்லை. ஆனால் வடிந்த பையை அவர் வெளியே கொண்டுவந்தால், பேப்பரை எடுத்துப் பின்னால் பிடித்துப் பார்க்காமல் கொட்டவிட மாட்டாள்.

ஆடி மாதம் அருள்மொழி போன் செய்தாள். எக்கியார்குப்பம் பக்கத்தில் ஜான்சன் என்று ஒருவர், படகில் போகிறவர், இந்தச் சிகிச்சைக்கு வரத் தயங்குகிறார், செய்துகொண்டிருக்கிற ஆளே போய்ச் சொன்னால் தெம்பாக இருக்கும் என்றாள். ராஜாங்கம் போகிறேன் என்றார். செருப்பு மாட்டும்போது பார்த்தால் அமுதவல்லியும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். ஷேர் ஆட்டோவில் போனார்கள்.

ஜான்சன் நாற்பது வயதுக்காரர், பெரிய உடம்பு, இப்போது வற்றிப்போயிருந்தார். அவர் மனைவி கீதாஞ்சலி இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ராஜாங்கம் பனியனைத் தூக்கி டியூபைக் காட்டினார். எப்படி மாட்டுவது, எத்தனை நேரம், குளிப்பது எப்படி, என்ன சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நன்றாகத்தான் சொன்னார். ஜான்சன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"கிருமி வந்துடும்னு சொல்றாங்களே அண்ணா," என்றாள் கீதாஞ்சலி. "உங்களுக்கு வந்துதா?"

"ஒரு தடவை வந்துது," என்றார் ராஜாங்கம்.

"எப்படி?"

"அது... போன் வந்துது, கை தவறி நுனி துணியில பட்டுடுச்சு. அப்படிப் பட்டா உடனே சிஸ்டருக்கு போன் பண்ணிடணும். நான் பண்ணல. உள்ள விட்டுட்டேன். அதான் வந்துது. அப்புறம் மருந்து போட்டாங்க, சரியாயிடுச்சு."

"முழுசா சொல்லு," என்றாள் அமுதவல்லி.

ராஜாங்கம் அவளைப் பார்த்தார். அவள் கீதாஞ்சலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதியில நிறுத்தாத. இவங்க வீட்லயும் ரெண்டு பேர்தான் இருக்காங்க."

ஜான்சனும் கீதாஞ்சலியும் ஒன்றும் புரியாமல் காத்திருந்தார்கள். வெளியே யாரோ படகு இன்ஜினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம் பனியனை இறக்கிவிட்டுக்கொண்டு, பங்குனி மாதம் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸில் அவள் மடியில் இருந்த பையை, ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டதை, அவள் வீட்டில் கையைக் கழுவிக்கொண்டே இருந்ததை, பக்கத்தில் படுத்துக்கொண்டு தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததை. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினார். அமுதவல்லி உதவிக்கு வரவில்லை. சொல்லாமல் இருந்தது பத்து நாள் என்று அவர் சொன்னபோது மட்டும், "பத்து நாள் இல்ல, இருபத்தொரு நாள்," என்று திருத்தினாள்.

முடித்ததும் கீதாஞ்சலி தன் புருஷனை ஒரு முறை பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு அவள் எழுந்து உள்ளே போய், காபி போடட்டுமா என்று கேட்டாள்.

"எனக்குக் குடும்மா. அவருக்கு வேணாம், தண்ணி கணக்கு இருக்குது," என்றாள் அமுதவல்லி. "சீக்கிரம் குடு. அஞ்சு மணிக்கு அவரு பை மாத்தணும்."